காதல் பாட்டில் தம்பி ஏன் வருகிறான்?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். வயது 36. புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை. பைக் விபத்தில் தம்பி இறந்து 14 மாதம் ஆகிறது. அவன் எந்நேரமும் முணுமுணுக்கிற பழைய காதல் பாட்டு ஒன்று உண்டு. பஸ்ஸில் அதைப் போட்டால் கை கால் நடுங்கி அழுகை பொத்துக்கொண்டு வருகிறது. இரண்டு தடவை கிருமாம்பாக்கத்திலேயே இறங்கிவிட்டேன். கூட வந்த உறவுக்காரப் பெண், “காதல் பாட்டுக்கு இப்படி அழுறியே, யாரை நினைச்சு?” என்று கேட்டதும் கூசிப்போய்விட்டது. வீட்டில் அம்மா வேறொரு சோகப் பாட்டைப் போனில் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ராத்திரி ஒரு மணிக்கும் காதில் ஹெட்செட். அந்தப் பாட்டையே போனிலிருந்து அழித்துவிடலாம் என்கிறார் என் கணவர். அழிக்கலாமா? பாட்டில் இல்லாத அர்த்தத்தை நாங்கள்தான் ஏற்றிக்கொள்கிறோமா?

பதில் (மனநல ஆலோசகர், புதுச்சேரி):

அன்புள்ள சகோதரிக்கு,

பாட்டை அழிக்க வேண்டாம். உங்கள் கணவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பாட்டை எடுத்துவிட்டால் அம்மாவின் துக்கம் குறையாது. அதை வெளியே கொண்டுவர அவர் கண்டுபிடித்த ஒரே வழி அடைபடும், அவ்வளவுதான். மாற்ற வேண்டியது அவர் கேட்கிற விதத்தை. அதற்கு முன்னால் உங்களை உறுத்துகிற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

காதல் பாட்டில் தம்பி வருவதில் கூச ஒன்றுமில்லை. பிரிவைப் பாடுகிற சினிமாப் பாட்டுகளின் வரிகளைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஏன் பிரிந்தார்கள் என்ற விவரமும் இருக்காது. நீ, வா, எங்கே, போனாயே என்றுதான் ஓடும். இந்தச் சொற்களில் ஆண் பெண் பேதம் கிடையாது. தம்பிக்கும் பொருந்தும், அப்பாவுக்கும் பொருந்தும், பிறந்த மூன்றாம் நாள் இறந்த குழந்தைக்கும் பொருந்தும். எழுதியவர் காலியாக விட்ட இடத்தில் கேட்கிறவர் தன் ஆளை உட்கார வைத்துக்கொள்கிறார். கதைச் சூழலுக்காக எழுதின ஒரு பாட்டு அத்தனை பேர் வீட்டுக்குள்ளும் போவது இப்படித்தான்.

இன்னொரு காரணம் காலம். ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் கேட்ட பாட்டுகளோடு சொந்த நினைவுகள் மிக அழுத்தமாக ஒட்டிக்கொள்கின்றன என்று நினைவாற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நீங்களும் தம்பியும் ஒரே வீட்டில், ஒரே டிவிக்கு முன்னால் இருந்த வருஷங்கள் அவை. அந்தப் பாட்டின் வார்த்தை எதைச் சொன்னாலும், உங்கள் மூளைக்கு அது தம்பி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே பாடுகிற சத்தம்தான். பஸ்ஸில் நீங்கள் அழுதது அந்தச் சத்தத்துக்கு. உறவுக்காரப் பெண் மறுபடி கேட்டால், “என் தம்பி பாடுற பாட்டு அது” என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ராகமும் வேலை செய்கிறது, ஆனால் அது மட்டுமே எதையும் தீர்மானிப்பதில்லை. துக்கத்தில் பேசுகிறவரின் குரல் தாழும், வேகம் குறையும், வாக்கியத்தின் கடைசி கீழே இறங்கும். சோகப் பாட்டின் மெட்டும் அதையே செய்கிறது. எதிர்பார்க்கிற சுரத்துக்கு நேரே வராமல், பக்கத்துச் சுரத்தில் ஒரு கணம் அழுத்தி நின்று பிறகு இறங்குகிற இடங்களில்தான் கண்ணீர் வந்ததாகக் கேட்டவர்கள் அதிகம் குறிப்பிட்டார்கள் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991இல் எழுதினார். அதே சமயம், நம் ஊரில் முகாரி என்றாலே அழுகை ராகம் என்பார்கள். அந்த முகாரியில்தான் தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடும் ‘எந்தனினே’ கீர்த்தனையை அமைத்தார். மெட்டு ஒரு வாசலைத் திறந்துவிடும். உள்ளே யார் வருகிறார்கள் என்பது கேட்கிறவரைப் பொறுத்தது. ஆகவே இல்லாத அர்த்தத்தை ஏற்றுகிறோமோ என்ற கவலையை விட்டுவிடுங்கள்.

இனி அம்மா.

ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டிலும் அன்றைக்குப் பாடியிருப்பார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து அழுவார்கள். புதிதாக ஒருவர் துக்கத்துக்கு வரும்போதெல்லாம் மறுபடி எழும், அடங்கும். காரியம் முடிந்ததும் நின்றுவிடும். பிறகு படையலின்போது, தெவசத்தின்போது மட்டும் கொஞ்சம் வரும். அதாவது அழும்போது பக்கத்தில் ஆள் இருந்தது, அழுகைக்கு முடிவும் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் 2004 சுனாமியில் போனவர்களுக்காக டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றி அழுகிறார்களே, அதற்கும் நாள் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. அம்மா இப்போது போனில் செய்துகொண்டிருப்பதும் ஒப்பாரிதான். ஆனால் பக்கத்தில் ஆள் இல்லை, பாட்டுக்கு முடிவும் இல்லை. முடிந்த நொடியிலேயே மறுபடி ஆரம்பிக்கிறது. அந்த இரண்டையும் திருப்பிக் கொடுப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், குறித்து மட்டும் வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அம்மா பாட்டைப் போடும்போது மனபாரம் எவ்வளவு என்று அவரையே 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொல்லுங்கள். கேட்டு நிறுத்தியதும் ஒரு எண். அரை மணி கழித்து இன்னொரு எண். பக்கத்தில் நேரம், தனியாக இருந்தாரா, பிறகு என்ன செய்தார் என்று நாலு வார்த்தை. அம்மாவுக்கு எண் சொல்ல வராவிட்டால் ‘தாங்குது, கஷ்டம், தாங்கல’ என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது எண் ஏறத்தான் செய்யும். அழுகிற நேரம் அது, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றன: கண்ணீரைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். முடிவு செய்ய வேண்டியது மூன்றாவது எண்ணை வைத்துத்தான். அரை மணி கழித்து ஆரம்ப எண்ணுக்கே வந்துவிட்டார் அல்லது அதைவிடக் குறைந்தார், எழுந்து அடுப்படிக்குப் போனார், பேசினார் என்றால் அந்தப் பாட்டு அவருக்கு உதவுகிறது. ஏழு நாளில் நாலு நாளாவது மூன்றாவது எண் முதல் எண்ணைவிட ஏறியே இருக்கிறது, படுத்தவர் எழவில்லை, சாப்பாடு வேண்டாம் என்கிறார் என்றால் கேட்கிற முறையில் கோளாறு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பகலில் கேட்பதைவிட நடுராத்திரி ஹெட்செட்டில் கேட்பதுதான் எண்ணை ஏற்றும் என்று எதிர்பார்க்கிறேன். தூக்கம் கெட்ட மூளை ஒரே நினைப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றும். ‘நான் அன்றைக்கு அவனைப் போகாதே என்று சொல்லியிருந்தால்’ என்ற இடத்திலேயே வந்து நிற்கும். பாட்டு அந்தச் சுற்றலுக்குத் தாளம் போட்டுக் கொடுத்துவிடும்.

இரண்டாவது வாரம் முறையை மாற்றுங்கள். ஹெட்செட்டுக்குப் பதில் ஸ்பீக்கர். வீட்டில் இன்னொருவர் காதில் விழுந்தால்தான் இன்னொருவர் வந்து உட்கார முடியும். யூடியூபில் கேட்கிறார் என்றால் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், ‘லூப்’ இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒரு சோகப் பாட்டு கேட்டால் அது அடுத்தடுத்து சோகப் பாட்டாகவே எடுத்துப் போடும். நடுவில் யாரோ செத்தவர்களின் படத்தை வைத்துச் செய்த ஸ்டேட்டஸ் வீடியோவும் வரும், அம்மா அதையும் பார்ப்பார். முடிந்தால் பாட்டை மட்டும் ஆடியோவாக வைத்துக்கொடுங்கள், படம் வேண்டாம். நேரம் சாயங்காலம் ஆறு, ஆறரை. விளக்கு வைக்கிற வேளை என்றால் மறக்காது. மொத்தம் 20 நிமிஷம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் அம்மா படுக்கும் அறையில் வேண்டாம். அதைப் பிடுங்கி வைக்கக் கூடாது, அவரிடமே சொல்லி, அவர் கையாலேயே கூடத்தில் வைக்கச் செய்ய வேண்டும்.

அந்த 20 நிமிஷத்தில் வரிசை முக்கியம். முதலில் அம்மாவின் சோகப் பாட்டு, ஒரே தடவை முழுதாக. அடுத்து தம்பிக்குப் பிடித்த ஒன்று, சோகமாக இல்லாதது. மூன்றாவது, அம்மா கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட பழைய பாட்டோ, அவர் வழக்கமாகக் கேட்கிற பக்திப் பாட்டோ. சோகப் பாட்டு முடிந்த கையோடு குத்துப் பாட்டைப் போட்டு ‘மூடை மாற்றுகிறேன்’ என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். இசை சிகிச்சை செய்பவர்கள் கேட்கிறவரின் மனநிலைக்கு ஒத்த இசையில் ஆரம்பித்து, படிப்படியாகத்தான் நகர்த்துவார்கள். திடீரென்று தாவினால், தன் துக்கத்தை யாரும் மதிக்கவில்லை என்றே அம்மாவுக்குத் தோன்றும். முடிந்ததும் உடம்பு அசைகிற ஒரு வேலை இருக்க வேண்டும். முகம் கழுவுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, பூ கட்டுவது, எதுவானாலும் சரி.

கூட உட்காருகிறவர் என்ன பேசுவது? ‘அழாதே’ வேண்டாம், ‘போனவன் வரவா போறான்’ அறவே வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்: “அம்மா, இந்தப் பாட்டுல எந்த வரி வந்தா உனக்குத் தாங்கல?”

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம். பிறகு ஒரு வரியைச் சொல்வார். வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருப்பதாக வருகிற வரி அது என்று வைத்துக்கொள்வோம். ‘விளக்குன்னா என்னம்மா?’ என்று கேட்டால், விபத்து நடந்த ராத்திரி தம்பி வருவான் என்று விளக்கைப் போட்டு வைத்துவிட்டுத் தான் தூங்கிப்போனதை அவர் சொல்லக்கூடும். 14 மாதமாக யாரிடமும் சொல்லாதது அது. பாட்டு முழுக்க சோகமாக இருந்தாலும் அம்மா உடைகிற இடம் அந்த ஒரு வரியாகத்தான் இருக்கும். பேச வேண்டியது அதைப் பற்றி. அவர் சொன்ன உடனே “உன் தப்பு இல்லம்மா” என்று குறுக்கே விழாதீர்கள். ஆறுதல் சீக்கிரம் வந்துவிட்டால் மீதிப் பேச்சு உள்ளேயே நின்றுவிடும். முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். நீங்கள் சொல்ல நினைப்பதை அடுத்த நாள் காப்பி குடிக்கும்போது சொல்லுங்கள், அப்போது காதில் ஏறும்.

இந்த 20 நிமிஷத்தில் வாரம் இரண்டு நாளாவது உங்கள் கணவர் உட்காரட்டும். அழிக்கலாம் என்று சொன்னவருக்கே, தான் செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டால் அந்தத் தவிப்பு அடங்கும்.

அமாவாசைக்கோ தம்பியின் படையலுக்கோ சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று இரண்டு மூன்று பேரை அழையுங்கள். அம்மாவுக்கு ஒப்பாரி தெரிந்தால் பாடச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டில் இல்லாத வசதி ஒப்பாரியில் உண்டு. தம்பியின் பெயரைப் போடலாம், அவன் பைக்கைப் போடலாம், அவன் கேட்டு வாங்கித் தின்ற வஞ்சிரம் வறுவலைப் போடலாம். காலி இடத்தில் ஆளை உட்கார வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல், ஆளைப் பற்றியே பாடுகிற பாட்டு அது. பாடி முடித்ததும் எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு சேர்ந்து சாப்பிட வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் போனில் பாட்டு வேண்டாம்.

தம்பியின் நண்பர்கள் அவன் பிறந்தநாளுக்குக் கூடி, குடித்துவிட்டு அவன் பாட்டைப் போட்டு அழுகிற வழக்கம் இருந்தால், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மது மனதைத் தாழ்த்தும், யோசிக்காமல் எதையும் செய்கிற துணிச்சலையும் கொடுக்கும். ராத்திரி, குடி, தனிமை, சோகப் பாட்டு நான்கும் ஒன்றாகச் சேர்வது ஆபத்து. பாட்டைப் பகலில், குடிக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் பஸ் விஷயம் வேறு மாதிரி. அம்மா தானாகத் தேடிப்போய்க் கேட்கிறார். உங்கள் மேல் பாட்டு வந்து விழுகிறது. பாதி வழியில் இறங்கினால் அந்த நிமிஷத்துக்கு நிம்மதிதான். ஆனால் ‘இறங்கினதால்தான் தப்பித்தேன்’ என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை நடுக்கம் இன்னும் சீக்கிரம் வரும், பிறகு பாட்டு போடுகிற பஸ்ஸிலேயே ஏற மாட்டீர்கள். அதனால் இறங்காதீர்கள். கம்பியையோ முன் சீட்டின் முதுகையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பாதமும் தரையில் அழுந்த உட்காருங்கள். நாலு எண்ணி மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடுங்கள். இப்படிப் பத்து தடவை செய்ய இரண்டு நிமிஷம்கூட ஆகாது, பாட்டில் பல்லவியும் இடையிசையும் அதற்குள் போய்விடும். வெளியே தெரிகிற கடைப் பெயர்ப்பலகை ஐந்தை வாசியுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். தவளக்குப்பம் தாண்டும்போது நடுக்கம் தானாக இறங்கியிருப்பதைக் கவனியுங்கள், அதுதான் உங்கள் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டியது.

வீட்டில் பயிற்சியும் எடுக்கலாம். ஞாயிறு பிற்பகல் போல நெருக்கடி இல்லாத நேரத்தில், கணவர் பக்கத்தில் இருக்க, போன் ஸ்பீக்கரில் குறைந்த சத்தத்தில் முன்னிசையை மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். மூன்று நாள் அதே அளவு. நடுக்கம் 10க்கு 4க்குள் அடங்கிய பிறகு பல்லவி வரை. அப்புறம் முதல் சரணம். 7க்கு மேல் ஏறினால் முந்தின படிக்கே திரும்பிவிடுங்கள், அது தோல்வியில்லை. ஒரே நாளில் பத்து தடவை கேட்டு ‘மரத்துப்போக’ முயற்சி செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் களைப்புதான் மிஞ்சும். முழுப் பாட்டும் கேட்க முடிந்த பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள். தினமும் கேட்டுக்கொண்டே இருந்தால், அந்தப் பாட்டு தம்பியை விட்டு இப்போதைய நாட்களோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அவனுக்கென்று அது இருக்கட்டும்.

மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும் என்பதில் தயக்கம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஆறு மாதம் தாண்டியும் ஓயாத ஏக்கம் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதைச் சிகிச்சை தேவைப்படும் ‘நீடித்த துக்கம்’ என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்திருக்கிறது. நம் வழக்கம், எவ்வளவு நாள் துக்கம் காக்கிறோம் என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். 14 மாதம் கழித்து அம்மா அழுவது மட்டும் நோயாகாது. அநேகமாக நாள் முழுக்க ஏக்கத்திலேயே கிடக்கிறார், தம்பி போனதையே நம்ப மறுக்கிறார், தன்னில் பாதி செத்துவிட்டது என்கிறார், உடம்பு இளைக்கிறது, பேரப்பிள்ளைகள் வந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் காட்டித்தான் ஆக வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம். கோரிமேட்டில் ஜிப்மரிலும் மனநலத் துறை இருக்கிறது. நோட்டையும் கொண்டுபோங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி. ‘நானும் அவன்கிட்டயே போயிடறேன்’ என்று ஒரு தடவை சொன்னாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உங்களுக்கே பாரம் தாங்காத ராத்திரியிலும் அதே எண்தான்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். தம்பி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் உங்கள் போனிலோ அம்மா போனிலோ இருக்கும். அவற்றில் எதிலாவது அவன் பாடியிருந்தாலும் இருக்கும். போன் தொலைந்தால் அதுவும் போய்விடும். ஆண்ட்ராய்டு போனில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, வாட்ஸ்அப்பின் மீடியா ஃபோல்டருக்குள் ‘வாய்ஸ் நோட்ஸ்’ என்று இருப்பதை அப்படியே ஒரு பென் டிரைவிலும், உங்கள் மெயிலிலும் போட்டு வையுங்கள். அதற்குள் பெயர் இருக்காது, தேதி மட்டும்தான் இருக்கும். அதனால் தம்பியின் சாட்டைத் திறந்து, அவன் அனுப்பிய ஒவ்வொன்றையும் தனியாக ஃபார்வர்ட் செய்து ஒரே இடத்தில் சேர்ப்பது இன்னும் சுலபம். சேர்த்த பிறகு உடனே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். எப்போது கேட்பது, யாரோடு கேட்பது என்பதை அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.